டான்யூப் நதியில் ஒரு வாரம்: பசாவ் முதல் புடாபெஸ்ட் வரை கப்பல் பயணத்தைத் திட்டமிடும் முறை

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில் உள்ள பசாவ் நகரிலிருந்து ஹங்கேரியின் தலைநகரமான புடாபெஸ்ட் வரை டான்யூப் நதி ஏறத்தாழ 580 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்தத் தூரத்துக்குள் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுலோவாகியா, ஹங்கேரி ஆகிய நான்கு நாடுகளும், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று தலைநகரங்களும், நதியைப் பார்த்தபடியே வளர்ந்த பல சிறிய ஊர்களும் அடங்கிவிடுகின்றன. ஐரோப்பாவில் முதன்முறையாக ரிவர் குரூஸ் செல்ல விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்தப் பாதையைத்தான். பழைய நகரங்களில் பெரும்பாலானவை துறையிலிருந்து நடந்தோ, சில நிமிட ரயில் பயணத்திலோ எட்டக்கூடிய தொலைவில் இருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே நான்கு நாடுகளுக்கும் போதும். பெட்டியை ஒருமுறை பிரித்து அடுக்கிவிட்டால் ஒரு வாரத்துக்கு அதை மீண்டும் கட்ட வேண்டியதில்லை என்பது வயதான பெற்றோருடன் செல்கிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் இந்தப் பயணங்களை விற்கும் விளம்பரங்கள் கேபினின் படுக்கையையும் மேல்தளத்து நாற்காலிகளையும் காட்டுகிற அளவுக்கு, கப்பல் எந்த ஊரில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதைக் காட்டுவதில்லை. வரலாற்று நகரங்களைப் பார்ப்பதற்காகவே செல்கிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தக் கால அட்டவணையைத்தான். ஒரே விலைக்கு விற்கப்படும் இரண்டு பயணங்களில் ஒன்று வியன்னாவில் ஒன்றரை நாள் நிற்கும். மற்றொன்று காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். இவ்விரண்டும் வெவ்வேறு விடுமுறைகள்.

கால அட்டவணையைப் படிக்கும் முறை

ஒரு தாளில் ஊரின் பெயர், கப்பல் சேரும் நேரம், புறப்படும் நேரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். புறப்படும் நேரத்திலிருந்து அரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். அதற்கு முன்பே எல்லோரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்பது வழக்கம், தாமதமாக வருகிற ஒருவருக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை. துறையிலிருந்து ஊருக்குப் போய் வரும் நேரத்தையும் கழித்தால் மிஞ்சுவதே உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் நேரம். அடுத்து, கப்பல் நகரும் நேரங்களில் எது பகலில் வருகிறது, எது இரவில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நதிக் கப்பல்கள் பொதுவாக இரவில் ஓடிக் காலையில் ஊர் சேருகின்றன. அதனால் ஊர்களுக்கு நேரம் கிடைக்கிறது என்பது உண்மைதான் என்றாலும், மிக அழகான நதிப்பகுதியை உறக்கத்திலேயே கடந்துவிடும் வாய்ப்பும் அதே அளவு இருக்கிறது.

பகல் வெளிச்சத்தில் கடந்தே ஆக வேண்டிய பகுதி என்று நான் அடித்துச் சொல்லக்கூடியது வாஹாவ் பள்ளத்தாக்கு. ஆஸ்திரியாவில் மெல்க், கிரெம்ஸ் ஆகிய ஊர்களுக்கு இடையே சுமார் 36 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகள் நதியை இருபுறமும் நெருக்குகின்றன. சாந்து பூசாமல் கற்களை அடுக்கியே கட்டிய சுவர்கள் மலைச்சரிவைப் படிப்படியாகத் தாங்கி நிற்க, அந்தப் படிகளில் திராட்சைக் கொடிகள் ஏறுகின்றன. சமநிலத்தில் பாதாமி மரத் தோப்புகள். 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீரோட்டத்தோடு மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்கு இறங்கும் படகுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். எதிர்த்து ஏறும் படகுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆகவே பசாவில் தொடங்கிப் பசாவிலேயே முடியும் சுற்றுப்பயணத்தை எடுத்தால், போகும் வழியில் இரவில் கடந்தாலும் திரும்பும் வழியில் பகலில் கடக்கிறதா என்று பாருங்கள். மெதுவாகப் பார்ப்பதற்கு அதுவே நல்லது. புடாபெஸ்டில் முடியும் ஒருவழிப் பயணம் என்றால், "வாஹாவைப் பகலில் கடக்கும்" என்று எழுத்தில் உறுதி கேளுங்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் நடுவே டூர்ன்ஸ்டைன் என்ற சிற்றூர் இருக்கிறது. வெண்மையும் நீலமுமாக நிற்கும் அதன் மடாலயக் கோபுரத்தைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து வெகு தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். சிலுவைப் போரிலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட், ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டின் ஆட்களிடம் சிக்கி, 1192-93 குளிர்காலத்தில் சிறைவைக்கப்பட்டிருந்தது ஊருக்கு மேலே உள்ள கோட்டையில்தான். இன்று அது இடிபாடு. கல் நிறைந்த செங்குத்தான பாதையில் அரை மணி நேரம் ஏறினால் மேலே போய்விடலாம். நதி வளைவு முழுவதும் கண்முன்னே விரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஏற்றத்தைத் தவிர்த்து, ஊரின் ஒற்றைத் தெருவில் நிதானமாக நடப்பதே நல்லது. டூர்ன்ஸ்டைனில் நிறுத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால், தெரு, கோட்டை இரண்டில் ஒன்றை முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்க் மடாலயத்துக்குத் துறையிலிருந்து பேருந்து ஏற்பாடு செய்திருப்பார்கள். நடந்தும் போகலாம் என்றாலும் கடைசியில் ஏற்றம் உண்டு. 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடர்ந்து வாழ்ந்துவரும் இடம் இது. இப்போது நாம் காணும் மஞ்சள் நிறப் பெருங்கட்டடத்தை 1702-இல் யாக்கோப் பிராண்ட்டாவர் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கினார். வழிகாட்டியுடன் ஒரு மணி நேரம் நடந்த பிறகு, பளிங்கு மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் இடையே நதியைப் பார்த்தபடி இருக்கும் மாடத்தில் நிற்கச் சற்று நேரம் கிடைக்குமாறு பாருங்கள். மூன்று மணி நேர நிறுத்தம் மெல்க்குக்குப் போதும்.

வியன்னாவில் பெரும்பாலான கப்பல்கள் ரைஷ்பாலத்தை ஒட்டிய துறையில் நிற்கின்றன. பழைய நகரம் அங்கிருந்து பார்வைக்கே தெரியாது. இதைக் கண்டு பலர் பதறிப்போய்க் கட்டணப் பேருந்துச் சுற்றுலாவை வாங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. துறைக்கு அருகிலேயே ஃபோர்கார்டன்ஷ்ட்ராஸ என்ற யு1 சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நான்காவது நிறுத்தம் ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ். படியேறி வெளியே வந்தால் புனித ஸ்டீபன் பேராலயத்தின் வாசல். ஒருநாள் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டால் நகரம் முழுவதும் சுற்றலாம். சில கப்பல்கள் நகரின் வடக்கே நுஸ்டோர்ஃப் துறையில் நிற்பதும் உண்டு என்பதால் துறையின் பெயரைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமையில் எந்த ஊர் என்பதும் முக்கியம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஆண்டின் பெரும்பகுதியில் திங்கட்கிழமை விடுமுறை; எதிரே உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டாவதில்தான் வில்லன்டோர்ஃபின் வீனஸ் இருக்கிறது. சுமார் 11 சென்டிமீட்டர் உயரமே உள்ள, ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமையான அந்தச் சுண்ணாம்புக்கல் பெண்ணுருவம் 1908-இல் வாஹாவில் கிடைத்தது; கப்பல் அந்தக் கிராமத்தைக் கடந்துதான் வியன்னாவுக்கு வருகிறது. முதல்நாள் கரையில் கண்ட இடத்தின் பொருளை மறுநாள் கண்ணாடிப் பேழைக்குள் பார்ப்பது நதிப் பயணத்துக்கே உரிய வாய்ப்பு என்பதால், அருங்காட்சியகத்தைப் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஷோன்புருன் அரண்மனைக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு முறை இருப்பதால் இணையத்தில் முன்பதிவு அவசியம். ஆபெரா அரங்கில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிகழ்ச்சிகள் இருப்பதில்லை.

பசாவைத் தொடக்க ஊர்தானே என்று அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று நதிகள் சேரும் முனை அது. நீரின் நிறம் மூன்று விதமாக இருப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். புனித ஸ்டீபன் பேராலயத்தின் ஆர்கன் இசைக்கருவிக்குச் சுமார் 18,000 குழாய்கள் இருக்கின்றன. வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை ஞாயிறும் விடுமுறைகளும் தவிர்த்த நாள்களில் நண்பகல் 12 மணிக்கு அங்கே கச்சேரி நடக்கும். கப்பலில் ஏறும் நாளுக்கு முதல்நாளே பசாவ் சென்று ஓர் இரவு தங்கினால் அந்தக் கச்சேரியையும் கேட்கலாம். விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிடும் அபாயமும் நீங்கும். இந்த ஓரிரவுச் செலவு வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எந்த மாதம், எவ்வளவு நீர்

பசாவின் பழைய நகராட்சி மன்றச் சுவரில் வெள்ள உயரங்களைக் குறிக்கும் கோடுகளும் ஆண்டுகளும் இருக்கின்றன. 2013 ஜூன் வெள்ளத்தின் கோடு தலைக்கு வெகு மேலே நிற்கிறது: அந்த ஆண்டு நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது, 1501-க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. நதிப் பயணத்தின் பெரிய நிச்சயமின்மை நீர்மட்டம்தான் என்பதை அந்தச் சுவர் எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. நீர் அதிகமானால் கப்பல் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. குறைந்தால் அடிப்பகுதி தரைதட்டும். 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் பெருவெள்ளம் வந்தபோது டான்யூபில் போக்குவரத்து நிறுத்தப்பட்டுக் கப்பல்கள் அங்கங்கே நின்றுவிட்டன. 2018, 2022 கோடைகளில் வறட்சி இதற்கு நேரெதிரான தொல்லையைக் கொடுத்தது.

ஆனால் நதி முழுவதும் ஒரே மாதிரி இல்லை. அணைகளும், கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் உள்ள பகுதிகளில் நீர்மட்டம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அணையில்லாமல் இயல்பாக ஓடும் பகுதிகளில்தான் வறட்சி முதலில் தெரியும். ஜெர்மனியில் ஷ்ட்ரௌபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடைப்பட்ட சுமார் 70 கிலோமீட்டர் அப்படிப்பட்டது. ரேகன்ஸ்புர்க் அல்லது நியூரம்பெர்க்கில் தொடங்கும் பயணங்கள் அந்தப் பகுதியைக் கடந்தாக வேண்டும். பசாவில் தொடங்கும் பயணங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பசாவைத் தொடக்கமாக நான் பரிந்துரைப்பதற்கு இது முதன்மையான காரணம். ஆஸ்திரியாவில் வாஹாவும் வியன்னாவுக்குக் கிழக்கே உள்ள ஈரக்காட்டுப் பகுதியும் இயல்பாக ஓடுகின்றன. பின்னதில் ஹைன்புர்க் அருகே கட்டவிருந்த அணையை 1984-இல் மக்கள் கடுங்குளிரில் காட்டுக்குள் முகாமிட்டு எதிர்த்துத் தடுத்தார்கள். இன்று அது தேசியப் பூங்கா.

பயணப் பருவம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் இறுதி வரை நீள்கிறது. நவம்பர் இறுதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை சந்தைகளுக்காகத் தனிப் பயணங்கள் உண்டு. வாஹாவில் பாதாமி பூப்பது மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கத்தில்; காய் பறிப்பது ஜூலையில்; திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையை ஒட்டிச் செல்கிறவர்களுக்கு மே மாதம் மிகப் பொருத்தமாக அமைகிறது: பகல் நீளம், வெயில் இதம், நீரும் பொதுவாகப் போதிய அளவில் இருக்கும். ஜூலை இறுதி, ஆகஸ்ட் மாதங்களில் புடாபெஸ்டில் வெப்பம் நம்மூரை நினைவூட்டும். கிறிஸ்துமஸ் பருவத்தில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சந்தை விளக்குகளுக்கு அது அழகு, பள்ளத்தாக்கைப் பார்க்க விரும்புகிறவருக்கு ஏமாற்றம்.

பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நீர்மட்டத்தால் கப்பல் ஓட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? பேருந்தில் அழைத்துச் செல்வதாக இருந்தால் எத்தனை நாளுக்குமேல் பணம் திருப்பித் தரப்படும்? தடைக்கு மறுபக்கம் இதே தரத்தில் வேறு கப்பல் இருக்கிறதா? பயணிகள் பெட்டியோடு கப்பல் மாற வேண்டி வருமா? பெரும்பாலான ஒப்பந்தங்கள் பாதையை மாற்றும் உரிமையை நிறுவனத்திடமே விட்டுவைக்கின்றன. ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியைப் படித்த பிறகே முன்பணம் கட்டுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போதும் நீர்மட்டத் தடையால் ஏற்படும் இழப்பு அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலும் கேபினும்

நதிக் கப்பல்கள் கடல் கப்பல்களைப் போல மாடி மாடியாக உயர்ந்தவை அல்ல. பொதுவாக 110 அல்லது 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம், அதிகபட்சம் 190 பயணிகள் என்ற அளவிலேயே இருக்கும். மைன் நதியிலும், 1992-இல் திறக்கப்பட்ட ரைன்-மைன்-டான்யூப் கால்வாயிலும் உள்ள நீர்ப்பூட்டுகளின் அகலம் 12 மீட்டர். மூன்று நதிகளிலும் ஓட வேண்டிய கப்பல் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே கேபின்கள் சிறியவை என்பதை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

மூன்று தளங்களில் கீழ்த்தளத்துக் கேபின்களில் சன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சிறியதாக, திறக்க முடியாததாக இருக்கும். நடுத்தளத்திலும் மேல்தளத்திலும் பிரெஞ்சு பால்கனி எனப்படும், தரைவரை திறக்கும் கண்ணாடிக் கதவும் கம்பித் தடுப்பும் இருக்கும். இதில் வெளியே நாற்காலி போட இடமில்லை. "பால்கனி" என்ற சொல்லை நம்பிக் கூடுதல் பணம் கட்டும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுத்தளத்தின் மையப்பகுதியில் உள்ள கேபின் விலைக்கும் வசதிக்கும் சரியான நடுநிலை. கப்பலின் பின்முனையில் இயந்திர ஓசையும் அதிர்வும் அதிகம். பணம் குறைவு என்றால் கீழ்த்தளமே போதும். பகலில் எல்லோரும் திறந்த மேல்தளத்திலோ முன்கூடத்திலோதான் இருப்பார்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: நெரிசலான துறைகளில் கப்பல்கள் ஒன்றையொன்று ஒட்டி இரண்டாகவும் மூன்றாகவும் நிற்கும். அப்போது எந்தத் தளத்து அறையாக இருந்தாலும் பக்கத்துக் கப்பலின் சன்னல்தான் தெரியும். கரைக்குப் போவதற்கும் அந்தக் கப்பலின் கூடத்தைக் கடந்தே போக வேண்டும்.

மின்தூக்கி இருக்கும் கப்பல்களிலும் அது கீழ்த்தளத்துக்கோ திறந்த மேல்தளத்துக்கோ போகாமல் இருப்பது சகஜம். சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர்கள் கேபின் எண்ணைக் குறிப்பிட்டு, அங்கிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கும் கரைக்கும் படியில்லாத வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய நகரங்களின் தெருக்கள் கல்பாவியவை. குதிகால் தட்டையான, ஏற்கெனவே அணிந்து பழகிய காலணியை எடுத்துச் செல்லுங்கள்.

பகலில் ஒரு நீர்ப்பூட்டைக் கடக்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். பசாவுக்குக் கீழே யோகன்ஷ்டைனில் தொடங்கி ஆஸ்திரியா முழுவதும் இவை வரிசையாக வருகின்றன. 24 மீட்டர் அகலமுள்ள கான்கிரீட் தொட்டிக்குள் இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக நுழையும். பின்கதவு மூடியதும் நீர் இறங்கத் தொடங்கும். சற்று முன்புவரை இடுப்பளவில் இருந்த கரைமதில் மெல்ல உயர்ந்து, பாசி படிந்து நீர் சொட்டும் சுவராகத் தலைக்கு மேலே போய்விடும். கப்பலைக் கட்டியிருக்கும் கயிறு சுவரிலுள்ள கொக்கியோடு சேர்ந்து கீழே இறங்குவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இருபது நிமிடங்களுக்குள் முன்கதவு திறக்கும். நதி புதிய மட்டத்தில் முன்னே கிடக்கும்.

விலையில் அடங்குவதும் அடங்காததும்

தொகுப்பு விலையை ஒப்பிடும்போது துறைக் கட்டணம், கரைச் சுற்றுலாக்கள், சாப்பாட்டோடு வரும் பானங்கள், இணைய வசதி, விமான நிலையத்திலிருந்து கப்பலுக்கு வண்டி, பணியாளர்களுக்கான அன்பளிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அன்பளிப்பாக ஒரு நாளைக்கு ஒருவருக்கு 10 முதல் 15 யூரோ வரை பல நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன. ஒரு வாரத்துக்கு இருவர் என்றால் இது சிறிய தொகை அல்ல. தனியாகச் செல்கிறவரிடம் இருவர் அறைக்கான கூடுதல் கட்டணம் கேட்பார்கள்; பருவத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் சில பயணங்களில் அதைத் தள்ளுபடி செய்கிறார்கள். இந்திய நிறுவனம் வழியாகத் தொகுப்பை வாங்கினால், விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரியும் பிடிக்கப்படும், அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், முதலில் கையிலிருந்து போகும் பணம் என்பதால் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

கப்பல் விலை கட்டுப்படியாகவில்லை என்பதற்காக நதியையே கைவிட வேண்டாம். பசாவிலிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வியன்னாவில் தங்கிக்கொண்டு, ஒருநாள் மெல்க்குக்கு ரயிலில் போய், அங்கிருந்து கிரெம்ஸுக்குப் பருவ காலத்தில் ஓடும் பயணிகள் படகில் வாஹாவைக் கடந்து, ரயிலிலேயே திரும்பலாம். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு விரைவுப் படகு ஒன்றே கால் மணி நேரத்தில் போகிறது. அங்கிருந்து புடாபெஸ்டுக்கு ரயில் இருக்கிறது. இளைஞர்களுக்கு இந்த வழியையே முதலில் சொல்வேன்.

விசாவும் விமானமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை விசா இல்லாமலேயே தங்கலாம். எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. இந்தப் பாதையில் பெரும்பாலும் ஆஸ்திரியாவே வரும்; ஆனால் புடாபெஸ்டில் சில நாள் கூடுதலாகத் தங்கினால் கணக்கு ஹங்கேரிக்கு மாறிவிடலாம். எனவே ஒவ்வோர் இரவும் கப்பல் எங்கே இருக்கும் என்று காட்டும் நாள்வாரிப் பயணத் திட்டத்தை, உங்கள் பெயர் குறிப்பிட்ட கடிதமாகக் கப்பல் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும், ஆனால் கோடை விடுமுறைக்கு முன் நேர்காணல் நேரமே கிடைப்பது கடினம் என்பதால் மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் வேண்டும். புடாபெஸ்டைத் தாண்டி பெல்கிரேடு வரை செல்லும் பயணத்தைத் தேர்ந்தால் செர்பியா ஷெங்கனில் இல்லை என்பதை மறக்காதீர்கள். மீண்டும் ஷெங்கன் நாட்டுக்குள் வருவதற்குப் பலமுறை நுழையும் விசா வேண்டியிருக்கும்.

விமானச் சீட்டை மியூனிக்கில் இறங்கி, புடாபெஸ்டில் ஏறித் திரும்புமாறு ஒரே பதிவாக எடுங்கள். போக வர இரண்டும் ஒரே ஊர் என்று எடுத்துவிட்டுப் பிறகு ரயிலுக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. ஹங்கேரியைத் தவிர மற்ற மூன்று நாடுகளிலும் யூரோ, ஹங்கேரியில் ஃபோரின்ட். அங்கே அட்டையே பெரும்பாலும் போதும். சந்தைக்கும் கழிப்பறைக் கட்டணத்துக்கும் சிறிது நாணயம் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவு கேட்பவர்களுக்கு

கப்பல் சமையலறை சிறியது, சரக்கு முன்கூட்டியே ஏற்றப்படுவது. ஆகவே சைவம் என்பதைப் பதிவின்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். "இறைச்சி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் ஆகியவை வேண்டாம்" என்று விவரமாகவே எழுதுங்கள். ஆஸ்திரியாவில் தெளிவான ரசம் போன்ற ஒரு சூப்பில் அப்பத்தை நூல் நூலாக நறுக்கிப் போட்டுத் தருவார்கள். பார்ப்பதற்குச் சைவமாகவே இருக்கும், ஆனால் அது மாட்டிறைச்சிச் சாறு. ஹங்கேரியில் காய்கறிக் கூட்டையே பன்றிக் கொழுப்பில் தாளிப்பது பழைய வழக்கம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை குறைவு: பாதாமிப் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தரும் வாஹாவின் உருண்டை ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பிராட்டிஸ்லாவாவும் புடாபெஸ்டும்

பசாவுக்கும் மெல்க்குக்கும் இடையே உள்ள லின்ஸ் நகரில் நிற்கும் கப்பல்களில் சில, சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே உள்ள மௌட்ஹவுசன் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்கின்றன. 1938 முதல் 1945 வரை நாஜிகளின் வதைமுகாமாக இருந்த இடம் அது. இந்த நதிக்கரையின் வரலாறு அரண்மனைகளோடு முடிவதில்லை என்பதால், மனம் தாங்குகிறவர்கள் அரைநாள் அங்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்.

பிராட்டிஸ்லாவாவுக்கு அரைநாள் போதும். துறையிலிருந்து பழைய நகரம் நடக்கும் தூரம்தான். வழிகாட்டி இல்லாமலே சுற்றலாம். 1563 முதல் 1830 வரை ஹங்கேரி அரசர்கள் முடிசூடிய புனித மார்ட்டின் பேராலயத்தின் கோபுர உச்சியில் பொன் பூசிய மகுடம் ஒன்று இருக்கும். மரியா தெரசா 1741-இல் முடிசூடியதும் இங்கேதான். அங்கிருந்து புடாபெஸ்டுக்குப் போகும் வழியில் எஸ்டர்கோம் பேராலயமும், விசெக்ராட் கோட்டையும், நதி தெற்கே திரும்பும் பெருவளைவும் வருகின்றன. பல அட்டவணைகள் இதை இரவில் வைத்துவிடுகின்றன. காலையில் இந்த வளைவைக் கடந்து நண்பகலில் புடாபெஸ்ட் சேரும் பயணம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

புடாபெஸ்டில் இருட்டிய பிறகு நாடாளுமன்றத்தின் முன்பாகக் கப்பல் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; 268 மீட்டர் நீளமுள்ள அந்த முகப்பை விளக்கொளியில் நதியிலிருந்து பார்ப்பது கரையிலிருந்து பார்ப்பதைவிட மேல். உள்ளே செல்ல வழிகாட்டியுடன் கூடிய சுற்றுக்கு மட்டுமே அனுமதி. ஆங்கிலச் சுற்றுகள் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் இணையத்தில் பல நாள் முன்பே சீட்டு எடுத்துவிடுங்கள். நாடாளுமன்றத்திலிருந்து சங்கிலிப் பாலத்தை நோக்கிக் கரையோரம் நடந்தால், 1944-45-இல் ஆற்றங்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக 2005-இல் வைக்கப்பட்ட இரும்புக் காலணிகள் வரிசையாக இருக்கின்றன. பேருந்துச் சுற்றுலாவில் இது வருவதில்லை. வெந்நீர்க் குளியலுக்கு 1913-இல் திறந்த செச்சென்யி குளியலகம் இருக்கிறது. நீச்சலுடையும் ரப்பர் செருப்பும் பெட்டியில் இருக்கட்டும்.

கடைசி நாள் காலையில் பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். ஒன்பது மணிக்குள் கேபினைக் காலி செய்தாக வேண்டும். கப்பலில் வாங்கிய பானம், கூடுதல் சுற்றுலா ஆகியவற்றின் கணக்கை முதல்நாள் இரவே தீர்த்து ரசீது வாங்கிக்கொண்டால் காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. இரண்டு இரவு கூடுதலாக புடாபெஸ்டில் தங்க முடிந்தால் தங்குங்கள். கப்பல் தரும் ஒன்றரை நாள் இந்த நகரத்துக்குப் போதாது. உடனே கிளம்புகிறவர்கள் நண்பகலுக்குப் பிந்தைய விமானத்தையே எடுக்க வேண்டும். விமான நிலையத்துக்கு தேயாக் சதுக்கத்திலிருந்து 100இ என்ற எண்ணுள்ள பேருந்து நேரடியாகப் போகிறது. அதற்குத் தனிச் சீட்டு வேண்டும், நகரப் பயண அட்டை அதில் செல்லாது.